சாட்ஸ்வர்த்திலிருந்து லெனேசியா வரை: ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் செடானுக்கு எந்த கியர்பாக்ஸ், எந்தச் சக்கர இயக்கம்?

உங்கள் கடிதத்தை மேலோட்டமாகப் படித்தால், மூன்று கார்களில் எது சிறந்தது என்று நீங்கள் கேட்பதாகத் தோன்றும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த்தில் வீடு, உம்லாங்காவில் வேலை, மாதம் இரண்டு முறை ஜொகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் பயணம். கைக்கு எட்டும் விலையில் மூன்று கார்கள் கிடைத்திருக்கின்றன: ஆட்டோமேட்டிக் கியரும் பின்சக்கர இயக்கமும் கொண்ட பிஎம்டபிள்யூ 340ஐ, இரட்டைக் கிளட்ச் கியரும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட பழைய தலைமுறை ஆடி எஸ்4, கையால் மாற்றும் ஆறு கியரும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ. ஆனால் கேள்வியின் கடைசியில், வாங்கும் காரை ஏழு ஆண்டுகளாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், மனைவியும் அதை ஓட்டுவார் என்றும் இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள். உத்தரவாதம் முடிந்துபோன ஒரு காரோடு, இந்த ஊர்ச் சாலைகளில், இரண்டு பேர் ஏழு ஆண்டுகள் நிம்மதியாக இருக்க எது ஏற்றது என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் டர்பனை அடுத்த பைன்டவுன் பக்கம் இருபத்து நான்கு ஆண்டுகளாக கியர்பாக்ஸும், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் பிரித்துச் சரிசெய்யும் வேலை செய்கிறேன். இந்த அனுபவத்தில் ஒரு கோணலும் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் பட்டறைக்கு வருபவை எல்லாம் கெட்டுப்போன கியர்பாக்ஸ்கள். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஒரு முனகலும் இல்லாமல் ஓடிய கியர்பாக்ஸை நான் பார்ப்பதே இல்லை. ஆகவே எந்த வகை எப்படிக் கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். நூற்றுக்கு எத்தனை கெடுகின்றன என்று கேட்டால், பட்டறைக்காரன் சொல்லும் கணக்கை நம்பாதீர்கள் என்பேன்.

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் மந்தமானது, பெட்ரோலை அதிகம் குடிப்பது, முதியவர்களுக்கானது என்ற எண்ணம் நம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. மூன்று, நான்கு கியர் மட்டும் இருந்த காலத்தில் அது நியாயம்தான். நீங்கள் பார்க்கும் 340ஐயில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். 2009இல் பிஎம்டபிள்யூவின் பெரிய 7 வரிசைக் காரில் முதன்முதலில் வந்த இந்தக் குடும்பம், பிறகு ஜாகுவார், ஆல்ஃபா ரோமியோ, ஆடி என்று பல வீடுகளுக்கு மருமகளாகப் போனது. உள்ளே நான்கு கிரகப் பல்சக்கரத் தொகுதிகளும், அவற்றைப் பிடித்து விடும் ஐந்து கிளட்ச், பிரேக் உறுப்புகளும் இருக்கின்றன. எந்த கியரில் இருந்தாலும் அந்த ஐந்தில் இரண்டு மட்டுமே திறந்திருக்கும் என்பதால், வீணாக உராய்ந்து இழக்கும் சக்தி குறைவு. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே உள்ள டார்க் கன்வெர்ட்டர் காரை நகர்த்தும் நேரத்தில் மட்டும் எண்ணெயின் வழியாகச் சக்தியைக் கடத்துகிறது. கார் உருளத் தொடங்கிய சிறிது நேரத்தில் உள்ளே இருக்கும் பூட்டுக் கிளட்ச் இறுகிக்கொள்ள, அதன் பிறகு இணைப்பு நேரடியானது. கையால் மாற்றும் கியரைவிட இது அதிகப் பெட்ரோல் குடிக்கும் என்பது இந்தத் தலைமுறைக்குப் பொருந்தாது. எட்டாவது கியரில் மணிக்கு 120 கிலோமீட்டரில் போகும்போது இன்ஜின் அவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது.

இந்த டார்க் கன்வெர்ட்டருக்கு இன்னொரு குணம் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு அது மிக முக்கியம், ஆனால் ஐரோப்பாவில் எழுதப்படும் கார் விமர்சனங்களில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. நீங்கள் கடல் மட்டத்தில் வசிக்கிறீர்கள். உங்கள் மாமனார் வீடு ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத இன்ஜின் நூறு மீட்டருக்கு ஒரு விழுக்காடு என்ற கணக்கில் சக்தியை இழக்கும் என்பது நடைமுறை விதி. அதாவது மேலே போய்ச் சேரும்போது ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். டர்போ இன்ஜின் இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும், ஏனென்றால் டர்பைன் இன்னும் வேகமாகச் சுழன்று மெலிந்த காற்றை அழுத்திக்கொள்ள முடியும். ஆனால் ரோபோ என்று நாம் சொல்லும் போக்குவரத்து விளக்கில் பச்சை விழுந்து காலை வைக்கும் முதல் நொடியில் டர்போ இன்னும் விழித்திருக்காது. அந்த நொடியில் உங்கள் இன்ஜின் மெலிந்த காற்றை மட்டுமே நம்பியிருக்கும் சாதாரண இன்ஜின். அங்கேதான் டார்க் கன்வெர்ட்டர் கைகொடுக்கிறது. கார் நகரத் தொடங்கும்போது அது இன்ஜின் தரும் முறுக்குவிசையை ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்காகப் பெருக்கிக் கொடுக்கும். இரட்டைக் கிளட்ச்சும் சாதாரணக் கிளட்ச்சும் இப்படிப் பெருக்குவதில்லை. அவை வழுக்கி, சூடாகி, வந்ததை வந்தபடி கடத்தும். டர்பனில் துள்ளும் கார் ஜொகன்னஸ்பர்க்கில் முதல் கியரில் திணறுகிறது என்று சொல்பவர்கள் இன்ஜினைக் குறை சொல்வார்கள், ஆனால் அந்தத் திணறலில் பாதி கிளட்ச் வகையால் வருவது. எஸ்4இல் அதே வேலையைச் செய்வது சூப்பர்சார்ஜர். அது இன்ஜினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டுச் சுழல்வதால், உயரத்தில் டர்போவைப் போல வேகத்தைத் தானாகக் கூட்டிக்கொண்டு இழப்பை நிரப்ப முடியாது. பேச்சோடு பேச்சாக இன்னொன்று: மேலே ஜொகன்னஸ்பர்க் பக்கத்துப் பெட்ரோல் நிலையங்களில் 93 ஆக்டேன் பெட்ரோலும் கிடைக்கும், விலையும் குறைவு. சூப்பர்சார்ஜரோ டர்போவோ உள்ள இந்த மூன்று கார்களில் எதற்கும் அதைப் போடாதீர்கள்.

இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸை நான் வெறுப்பவன் அல்ல. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று, அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்பது, எல்லாம் அழகான வேலை. மூன்றிலிருந்து நான்குக்கு அது மாறும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர் கையிலுள்ள தேநீர்கூட அசையாது. ஆனால் அதன் பலவீனம் ஊர்ந்து போவதில் இருக்கிறது. மாலை நேரத்தில் எம்4 சாலையில் கார்கள் எறும்பாக நகர்வதையும், புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வரிசையையும் நினைத்துப் பாருங்கள். காலை பிரேக்கிலிருந்து பாதி எடுப்பதும் வைப்பதுமாக நகரும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் தட்டுகள் உராய்கின்றன. சிறிய இன்ஜின்களோடு வரும் உலர் கிளட்ச் வகை இந்தச் சூட்டைத் தாங்குவதில் மோசமானது. எஸ்4இல் இருப்பது எண்ணெயில் மூழ்கிய ஈரக் கிளட்ச் கொண்ட ஏழு கியர் வகை, தாங்கும் திறன் அதிகம். ஆனால் அந்த எண்ணெயை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வடிகட்டியோடு மாற்றியே தீர வேண்டும், அதுவும் சரியான வெப்பநிலையில் அளவு பார்த்து. தேய்ந்த கிளட்ச்சின் துகள் அந்த எண்ணெயிலேயே கலப்பதுதான் காரணம். அந்தக் கார் இதுவரை இரண்டு பேர் கைமாறி வந்தது என்கிறீர்கள். இருவரும் அந்த மாற்றத்தைச் செய்ததற்கான ரசீது இருந்தால் என் எதிர்ப்பில் பாதி மறைந்துவிடும். ரசீது இல்லாமல் வாய்ச்சொல் மட்டும் என்றால், அந்த வேலை நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

கையால் மாற்றும் கியரைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, ஏனென்றால் அது பிடித்தவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிஎம்டபிள்யூவின் ரோஸ்லின் ஆலையில் நம் நாட்டுக்கென்றே ஏறத்தாழ 200 மட்டும் செய்த பிஎம்டபிள்யூ 333ஐயைப் பற்றியும், டவுன்ஷிப் எனப்படும் கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் குஷேஷே என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தக் காலத்துப் பெட்டி வடிவ 3 வரிசைக் கார்களைப் பற்றியும் பேசத் தொடங்கினால், பட்டறையில் அன்று வேலை நடக்காது. ஆனாலும் உங்கள் நிலையில் இரண்டு நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. முதலாவது உங்கள் மனைவியின் உரிமம்: அவர் ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்திருந்தால், ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டலாம் என்ற கட்டுப்பாடு அதில் பதிவாகியிருக்கும், மீறி ஓட்டினால் விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது அதைத்தான். இரண்டாவது, இந்த வகை காரில் கிளட்ச் மாற்றுவது என்பது தட்டு ஒன்றை மாற்றுவதோடு முடிவதில்லை. அதோடு ஃபிளைவீல், பேரிங் என்று பட்டியல் நீளும், அதிலும் முந்தைய உரிமையாளர் ஆட்டம் காட்டி ஓட்டியவராக இருந்தால் அந்தப் பட்டியல் விரைவிலேயே உங்களிடம் வந்து சேரும். எஸ்டிஐ வாங்கி அதைப் பூப்போல ஓட்டியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இனி எந்தச் சக்கரத்துக்குச் சக்தி போக வேண்டும் என்பது. கார் முன்னோக்கிப் பாயும்போது எடை பின்சக்கரங்களின் மேல் சாய்கிறது. ஆகவே உலர்ந்த சாலையில் பின்சக்கரத்துக்குச் சக்தி கொடுப்பது இயற்கையோடு ஒத்துப்போவது, முன்சக்கரங்கள் திருப்பும் வேலையை மட்டும் பார்க்கும், ஸ்டீயரிங்கில் இழுப்பு இருக்காது. நான்கு சக்கர இயக்கம் அந்தச் சக்தியைப் பகிர்ந்து கொடுப்பதால் ஈரத்தில் கார் வழுக்காமல் கிளம்பும், வளைவிலிருந்து வெளியேறும்போது முன்னதாகவே ஆக்சிலரேட்டரை மிதிக்கலாம். இவ்வளவும் உண்மை. ஆனால் பிரேக் பிடிக்கும்போதும், வளைவில் காரின் பக்கவாட்டுப் பிடிப்பிலும் அது உங்களுக்கு எதையும் தருவதில்லை. நான்கு டயர்களும் தரையைப் பிடிக்கும் அளவுதான் எல்லை, அந்த எல்லை எந்தச் சக்கரம் ஓட்டுகிறது என்பதால் மாறாது. கோடை மழையில் ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரும் என்3 நெடுஞ்சாலையில் கீ ரிட்ஜ் இறக்கத்தில் முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால், பின்சக்கர இயக்கக் காரும் நான்கு சக்கர இயக்கக் காரும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன. பின்னது சற்றுக் கனமானது என்பதால் கொஞ்சம் மோசமான நிலையில். நம் சட்டம் 1 மில்லிமீட்டர் ஆழம் உள்ள டயரை அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பதை மழை அனுமதிக்காது; 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டர்பன் மழைக்கு அந்த டயர் போதாது என்பது என் கருத்து. நல்ல டயர் போட்ட பின்சக்கர இயக்கம், தேய்ந்த டயர் போட்ட நான்கு சக்கர இயக்கத்தைவிடப் பாதுகாப்பானது என்பதை மட்டும் கருத்து என்று சொல்ல மாட்டேன், அது உறுதி.

நான்கு சக்கர இயக்கம் என்று ஒரே பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே வேறு வேறு இயந்திரங்கள் உண்டு. எஸ்4இல் நடுவில் பல்சக்கரத்தால் ஆன டிஃபரன்ஷியல் இருக்கிறது. அது வழக்கமாக முன்னுக்கு 40, பின்னுக்கு 60 என்ற விகிதத்தில் சக்தியைப் பிரித்து, வழுக்கும்போது தானாக மாற்றிக்கொள்கிறது. அதே நிறுவனத்தின் சிறிய எஸ்3இல் அப்படி இல்லை. அது அடிப்படையில் முன்சக்கர இயக்கக் கார், தேவைப்படும்போது பின் அச்சுக்கு முன்னால் இருக்கும் தட்டுக் கிளட்ச் ஒன்று இறுகிப் பின்சக்கரங்களைச் சேர்த்துக்கொள்ளும். எஸ்டிஐயில் ஓட்டுநரே நடு டிஃபரன்ஷியலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இவற்றில் எது மேல் என்ற வாதம் முடியாதது. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை இருக்கிறது: நான்கு டயர்களும் ஒரே சுற்றளவில் இருக்க வேண்டும். ஒரு டயர் புதிதாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால், நேர்ச்சாலையில் போகும்போதே நடு டிஃபரன்ஷியலோ கிளட்ச்சோ ஓயாமல் வேலை செய்து சூடாகிக்கொண்டிருக்கும். சுபாரு, டயர்களின் சுற்றளவில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது.

ஜெர்மனியில் இது ஒரு சிறிய குறிப்பு. குண்டும் குழியுமான நம் சாலைகளில் இதுவே பெரிய செலவு. மழைக்காலத்தில் தண்ணீர் நிரம்பிய குழியில் விழுந்து ஒரு டயர் கிழிந்தால், பின்சக்கர இயக்கக் காரில் அந்த அச்சின் இரண்டு டயர்களை மாற்றினால் போதும். மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருந்தால், எஸ்4, எஸ்டிஐ இரண்டிலும் நான்கையும் மாற்ற வேண்டியிருக்கும். என்னிடம் வந்த ஒரு வாடிக்கையாளர், ஒற்றை டயரை மட்டும் மாற்றிக்கொண்டு தன் நான்கு சக்கர இயக்கக் காரில் எட்டு மாதம் ஓட்டியிருந்தார். முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸை நான் திறந்தபோது அதன் எண்ணெய் கருகிப் போயிருந்தது. டயர் கடையில் யாரும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை.

பனியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 அடைபட்டு, கார்களும் லாரிகளும் இரவெல்லாம் சிக்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அங்கே நான்கு சக்கர இயக்கம் இருந்தவர்களும் முன்னால் நின்ற லாரியைத் தாண்டிப் போகவில்லை. நம்மிடம் இருப்பவை கோடைக்கால டயர்கள், பனியில் அவை நான்கும் சேர்ந்து வழுக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஓர் இரவுக்காக, ஏழு ஆண்டுகள் கூடுதல் எடையையும் கூடுதல் டயரையும் சுமப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. உங்கள் வீடு மலையடிவாரத்தில் அண்டர்பெர்க் பக்கம் மண்சாலையின் முடிவில் இருந்திருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன்.

எனவே உங்கள் மூன்றில் நான் 340ஐ பக்கம் நிற்கிறேன். 2018 வரை ரோஸ்லினில் 3 வரிசைக் கார்கள் உருவானதால், அந்தத் தலைமுறையைக் கை வைத்துப் பார்த்த மெக்கானிக்கும் பாகங்களும் இந்த நாட்டில் எளிதாகக் கிடைப்பதும் ஒரு காரணம். ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி பதில்தான் எழுதியவன் ஆவேன். கார் நிறுவனம் கியர் எண்ணெயை வாழ்நாள் முழுவதற்குமானது என்று சொல்லும். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. இந்த நாட்டில் பிஎம்டபிள்யூ அந்தத் தலைமுறைக் காரோடு புதிதில் தந்த பராமரிப்புத் திட்டம் 5 ஆண்டு அல்லது 100,000 கிலோமீட்டரில் முடிந்தது. மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: எண்ணெய் மாற்ற வேண்டிய வேளை நெருங்கும்போது முதல் உரிமையாளரின் இலவசப் பராமரிப்பு தீர்ந்து, கார் விற்பனைக்கு வருகிறது. நீங்கள் பார்க்கும் கார் 130,000 ஓடியிருக்கிறது என்கிறீர்கள். அந்த எண்ணெய் மாற்றப்பட்டதே இல்லை என்பதே என் ஊகம். வடிகட்டி அடிப்பாத்திரத்தோடு ஒன்றாகச் சேர்ந்த பிளாஸ்டிக் பாகம் என்பதால், வடித்து ஊற்றினால் மட்டும் போதாது, பாத்திரத்தையே மாற்ற வேண்டும். இந்தச் செலவை வாங்கும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே சந்தேகத்துக்குரிய ஒன்றும் உண்டு. நெடுநாள் மாற்றாத எண்ணெயைப் புதிதாக மாற்றினால் கியர்பாக்ஸ் உடனே கெட்டுவிடும் என்று பலர் சொல்வார்கள். அப்படி மாற்றிய பிறகு கெட்ட சிலவற்றை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை ஏற்கெனவே உதறத் தொடங்கியதால்தான் எண்ணெய் மாற்ற வந்தவை. நோய் முற்றி மருத்துவரிடம் போனவர் இறந்தால் மருந்தைக் குற்றம் சொல்வது போன்றது அது என்பது என் எண்ணம். இதை நான் நிரூபித்தவன் அல்ல. சீராக மாறிக்கொண்டிருக்கும் கியர்பாக்ஸில் எண்ணெயை மாற்றுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. உதறும் கியர்பாக்ஸை எண்ணெயால் குணப்படுத்தலாம் என்று நம்பி அந்தக் காரை வாங்காதீர்கள்.

வாங்கும் முன் காரைப் பார்க்கப் போகும்போது, விற்பவரிடம் இன்ஜினை முன்கூட்டி ஓட வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த கியர்பாக்ஸ்தான் உண்மை பேசும். பிரேக்கை மிதித்தபடி டி (முன்னோக்கி), ஆர் (பின்னோக்கி) இரண்டுக்கும் மாற்றிப் பாருங்கள். ஒரு நொடிக்கு மேல் தாமதமோ, இடிப்போ இருக்கக் கூடாது. பிறகு 50 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மிக லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்துச் செல்லுங்கள். சாலையோரத்து அதிர்வுக் கோட்டின் மேல் போவது போல ஓர் உதறல் வந்து சட்டென்று மறைந்தால், பூட்டுக் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு உடனே மிதிக்கும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று கேட்டால் பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப் ஷாஃப்டின் ரப்பர் இணைப்பையோ டிஃபரன்ஷியலையோ பார்க்க வேண்டும். என்னுடைய வழக்கம், எம்13இல் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஒருமுறை முழு மிதியும், இறக்கத்தில் ஒருமுறை கையால் கியர் குறைத்தும் பார்ப்பது. கீழே வந்து நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துக் காருக்கு அடியில் குனிந்து அந்தப் பிளாஸ்டிக் பாத்திரத்தின் விளிம்பில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பேன். காரை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வது சரியாக இராது. அந்த விரலில் என்ன ஒட்டியது என்று எழுதுங்கள், தொடர்ந்து பேசலாம்.